எட்டாம் நாள் வான்கோழி

சின்னராசா தன் தம்பியின் பரம்பரையைச் சொல்லிச் சொல்லி மூன்றாவது தலைமுறையை எட்டியபோது, முன்வரிசையில் இருந்த சத்தியபாமாவுக்கு வான்கோழி ஞாபகம் வந்தது.

பெட்டிக்குள் கிடந்தது அவளுடைய புருசன் சோதிலிங்கம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருடைய தமையன் சின்னராசா; கனடாவிலிருந்து முந்தநாள்தான் வந்திறங்கியவர். ஒஸ்லோவில் தகனசாலை மண்டபத்தை ஒரு குடும்பத்துக்கு அளந்துதான் கொடுப்பார்கள். வாசலில் கறுப்புக் கோட்டோடு நின்ற நோர்வேக்காரர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் சின்னராசாவைப் பார்ப்பதுமாக இருந்தார். அடுத்த பிரேதத்துக்கு உரியவர்கள் பூச்செண்டுகளோடு வெளியே சேற்றுப் பனியில் நின்றார்கள். சின்னராசா அசைந்து கொடுக்கவில்லை. விதானையார் வழியை முடித்து, பெரிய வளவு வழிக்கு வந்து, அதிலிருந்து கோயில் மணியகாரர் வழிக்குத் தாவினார். ஒரு மனுசனை எரிப்பதற்கு முன் இவ்வளவு பேரை எழுப்பிக் கூட்டிவர வேண்டுமா என்று சத்தியபாமாவுக்கு எரிச்சலாக இருந்தது.

செத்தவர்கள் முடிந்து உயிரோடு இருப்பவர்கள் வந்தார்கள். "சத்தியபாமாவின் அன்புக் கணவரும், மதுரனின் பாசமிகு தந்தையும்..." என்றவர், ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு லண்டனில் இருக்கும் மருமக்களிடம் போய்விட்டார். மதுரனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி ஜூலியா கறுப்புச் சேலையில், தன் பெயர் இப்போது வரும் என்று நிமிர்ந்து இருந்தாள். தமிழ் அவளுக்குப் பாதிதான் விளங்கும். சொந்தப் பெயர்கூடவா விளங்காது? அது வரவேயில்லை. லண்டனும் முடிந்து அவுஸ்திரேலியா தொடங்கியபோது அவள் குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

சத்தியபாமா மடியில் விரல்களை மடித்தாள். சோதிலிங்கம் போன வியாழக்கிழமை காலையில், வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, கதவோடு சாய்ந்து அப்படியே போனவர். அதிலிருந்து எட்டாம் நாள் என்றால் நாளைக்கு. நாளைக்கும் வியாழன். நவம்பர் மாதத்து நாலாவது வியாழன்.

'இந்த மனுசன் நாள் பாத்தெல்லோ போயிருக்கு,' என்று நினைத்தாள். அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளாக்கும் என்று பின்வரிசையில் இருந்த ஒரு பெண் முதுகைத் தடவிவிட்டாள்.

அந்த நாலாவது வியாழன் அமெரிக்கர்களின் நன்றிப் பெருநாள். நோர்வேயில் ஈ காக்காய்க்கும் அது தெரியாது. ஒஸ்லோவின் ரொம்மனில், மூன்றாம் மாடியில் இருக்கும் அவர்கள் வீட்டில் மட்டும் அது சில வருசங்களாக நடந்துவந்தது.

தொடக்கி வைத்தது ஜூலியாவின் அழுகைதான். அவள் மினசோட்டாக்காரி. அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் நோர்வேயின் ஏதோ ஒரு பண்ணையிலிருந்து பட்டினி தாங்காமல் கப்பலேறிப் போனவன். அவன் புறப்பட்ட இடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒஸ்லோவுக்குப் படிக்க வந்தவள், மதுரனைக் கண்டு இங்கேயே நின்றுவிட்டாள். கலியாணம் முடித்த முதல் நவம்பரில், ஒரு வியாழக்கிழமை, குசினி மேசையில் இருந்து விம்மினாள். சத்தியபாமா பயந்துபோய் மகனை ஏசத் தொடங்க, சோதிலிங்கம்தான் கதிரையை இழுத்துப் போட்டு என்ன ஏது என்று கேட்டார். ஊரில் எல்லாரும் இன்றைக்கு ஒரே மேசையில் இருந்து வான்கோழி சாப்பிடுவார்கள் என்றாள். ஏன் என்று கேட்டார். கடல் கடந்து போய் இறங்கிய சனத்தில் பாதிப்பேர் முதல் குளிரிலேயே செத்துப்போக, மிஞ்சியவர்கள் அடுத்த அறுவடைக்கு உயிரோடு இருக்கிறோமே என்று சாப்பிட்ட சாப்பாடாம் என்றாள்.

சோதிலிங்கம் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். அவர் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில், சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு மாதத்தில் வந்திறங்கியவர். மீன் வெட்டும் தொழிற்சாலையில் அவர் ஒரு மேசையிலும், பிறகு வந்து சேர்ந்த சத்தியபாமா பக்கத்து மேசையிலும் கத்தி பிடித்தவர்கள்.

"அப்ப இது எங்கட பெருநாள் எல்லோ," என்றார். "பொங்கல் அங்கத்தையான். நத்தார் இவையின்ர. இது இஞ்சை ஒருத்தற்றையும் இல்லை. ஒருத்தரும் உரிமை கேட்டு வரமாட்டினம். நாங்கள் எடுப்பம்."

எடுத்தேவிட்டார். அதற்குப் பிறகு நவம்பர் பிறந்தால் மனுசனுக்குக் கால் நிலத்தில் நிற்காது. நோர்வேக்காரர் வான்கோழியைத் தேடுவது வருசக் கடைசியில் நத்தாருக்குத்தான். அதனால் நவம்பரில் கடை கடையாக ஏறி இறங்கவேண்டும். அவர் அதையே ஒரு விளையாட்டாக வைத்திருந்தார். ஒருதரம் ஜூலியாவைக் கூட்டிக்கொண்டு அவளுடைய பண்ணையைத் தேடியும் போனார். சத்தியபாமாவும் போனாள். கண்டுபிடித்த இடத்தில் சரிந்த களஞ்சியம் ஒன்றும் கல் அத்திவாரமும்தான் கிடந்தன. மழையும் பனியும் கலந்து அடித்தது. ஜூலியா அந்தக் கற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து முடியும்வரை அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது, "பாத்தியே சத்தியா, நாலு தலைமுறை கழிச்சு ஒரு பிள்ளை வந்து தேடுது," என்றார். "எங்கட சந்ததியிலும் ஒண்டு ஒருநாளைக்கு எங்கட ஊர்க் கோப்பாயிலை போய் நிண்டு தேடும்."

"அங்கை கல்லாவது மிஞ்சுமோ தெரியாது," என்றாள் சத்தியபாமா.

"கல்லில்லாட்டி மண்ணைப் பாக்கட்டும்," என்றார்.

பிரேதம் எரிந்த அன்று பின்னேரம் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. சின்னராசா சோபாவின் நடுவில் இருந்து எட்டுச் செலவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். செத்து எட்டாம் நாள் அந்த ஆளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். ஆள் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும். மச்ச மாமிசம் ஆகாது என்ற சட்டமெல்லாம் அன்றைக்கு இல்லை. பிடித்தது எதுவோ அதுதான் கணக்கு.

"ஆட்டிறைச்சி, கணவாய், முட்டைப் பொரியல், ஒடியல் கூழ்," என்றார் சின்னராசா. "ஒரு சின்னப் போத்திலும் வைக்கவேணும்."

"வான்கோழி," என்றாள் சத்தியபாமா, அறை வாசலில் நின்றபடி.

"என்ன?"

"வான்கோழி, பெரியத்தான். அவருக்குப் பிடிச்சது அதுதான். நாளைக்குத்தான் அந்தப் பெருநாளும்."

சின்னராசா சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை, கனடாவிலையும் உந்தக் கூத்து இருக்கு, ஒக்டோபரிலை. வருசா வருசம் வேலைத்தலத்திலை ஒரு வான்கோழியைச் சும்மா தூக்கித் தருவாங்கள். நான் அதைப் பக்கத்து வீட்டு வெள்ளையனுக்குக் குடுத்துவிடுறனான். சப்பெண்ட இறைச்சி. அதைப் போய் என்ர தம்பிக்குப் படைக்கிறதோ?"

"அவர் விரும்பிச் சாப்பிட்டவர்."

"என்ர தம்பிக்கு என்ன பிடிக்குமெண்டு எனக்குத் தெரியாதோ? செத்த வீட்டுத் துடக்கோடை பெருநாள் கொண்டாடினவை எண்டு கதை போனால் நாளைக்கு ரொறன்ரோ வரைக்கும் சிரிக்கும். உந்தப் பெட்டையின்ர சொல்லுக்கு ஆடினது காணும்."

உந்தப் பெட்டையான ஜூலியா அப்போது குசினியில், வந்த சனம் குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி கேட்டது. சத்தியபாமா மகனைப் பார்த்தாள். மதுரன் அருகில் வந்து, "அம்மா, பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை போயிடுவார். ஏன் சும்மா பிரச்சினை? விடுங்கோவன்," என்று முணுமுணுத்தான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் பயப்படவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அன்று மத்தியானம்தான் எரிந்துபோயிருந்தார்.

காலையில் சின்னராசா குளியலறைக்குள் போன நேரம் பார்த்து அவள் மேலங்கியை மாட்டினாள். ஜூலியாவிடம், "கார்த் திறப்பை எடு பிள்ளை," என்றாள். புருசனை எரித்த மறுநாள் வாசல் தாண்டுகிறவளைச் சனம் என்ன சொல்லும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சொல்லட்டும், வாய் வலித்தால் நிப்பாட்டும்.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு நத்தார் முந்திக்கொண்டு வந்துவிட்டது. கூரையிலிருந்து வெள்ளி நட்சத்திரங்கள் தொங்கின. சிவப்புத் துணி, மெழுகுதிரி, இஞ்சி விசுக்கோத்து, சர்க்கரைப் பன்றிக்குட்டி என்று சனம் கைகொள்ளாமல் அள்ளிக்கொண்டு போனது. எங்கோ ஒரு மணிச் சத்தப் பாட்டு விடாமல் ஓடியது. சத்தியபாமாவுக்கு ஒரேயடியாகக் கோபம் வந்தது. ஒரு மனுசன் இல்லாமல் போய்விட்டான், இவர்கள் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

இறைச்சிப் பகுதியில் நின்ற பெண், வான்கோழி டிசம்பர் நடுவில்தான் வரும் என்றாள். முழுக்கோழி இருக்கிறது, வாத்து இருக்கிறது என்று காட்டினாள்.

"ஒவ்வொரு வருசமும் இதைத்தான் சொல்லுறியள்," என்றாள் சத்தியபாமா நோர்வேஜிய மொழியில். "ஒவ்வொரு வருசமும் அடியிலை ஒண்டு கிடக்கிறது."

அந்தப் பெண்ணின் பதிலுக்குக் காத்திருக்காமல் உறைபெட்டியின் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, இடுப்புவரை உள்ளே குனிந்தாள். பட்டாணிப் பைகளைத் தூக்கி ஜூலியாவிடம் கொடுத்தாள். பிறகு உருளைக்கிழங்கு, பிறகு மீன். பாட்ஸ்பியோர்ட்டில் பழகிய கைகளுக்கு ஐஸ் ஒரு பொருட்டில்லை.

"சத்தியபாமா அக்கா?"

நிமிர்ந்தாள். சிறிதேவி நின்றாள், நேற்று மண்டபத்தில் முதுகைத் தடவிவிட்ட அதே பெண். இரண்டு கையிலும் பளபளக்கும் பரிசுப் பைகள். அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"நீங்கள்... இஞ்சை... நேற்றுத்தானே அக்கா..."

"ஓம், நேற்று எரிச்சனாங்கள். இண்டைக்குச் சமைக்கிறன்," என்றாள் சத்தியபாமா. "உதிலை வழி மறியாமல் இந்தப் பையைப் பிடியும்."

சிறிதேவி பரிசுப் பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பட்டாணியை வாங்கிக்கொண்டாள். மூன்று பெண்களுமாக அடிவரை கிளறியதில், மூலையில் உறைபனி மூடிக் கிடந்த ஒன்று அகப்பட்டது. சத்தியபாமா அதைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். 

வீட்டு வாசலில் சின்னராசா நின்றார். குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி. அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

"எட்டு முடியாமல் வாசல் தாண்டினதுமல்லாமல், நான் வேண்டாம் எண்டு சொன்னதையே தூக்கிக்கொண்டு வாறீர் என்ன? இந்த வீட்டுக்கு மூத்தவன் எண்டு நான் ஒருத்தன் என்னத்துக்கு?"

"பெரியத்தான், ஒண்டு கேக்கிறன். நீங்கள் அவரோடை ஒரு சட்டியிலை கடைசியாச் சாப்பிட்டது எப்ப?"

"இதென்ன கேள்வி?"

"சொல்லுங்கோ."

சின்னராசா யோசித்தார். "எண்பத்து நாலிலை. நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது எண்பத்து நாலு வரைக்கும் இருந்த தம்பியை. கூழும் கணவாயும் அவனுக்கு வையுங்கோ, நான் மறிக்கேல்லை. மிச்ச வருசமெல்லாம் இருந்தது என்ர மனுசன். அவருக்கு நான் வைப்பன். இன்னொண்டு, நேற்று அத்தனை பேரின்ர பேரும் வாசிச்சியள், என்ர மருமகளின்ர பேரை மட்டும் விட்டிட்டியள். அந்தப் பிள்ளைதான் அவற்றை சட்டையெல்லாம் தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கு. விலகுங்கோ, கை விறைக்குது."

அவர் விலகினார். ஏன் விலகினார் என்று அவருக்கே தெரிந்திராது.

வான்கோழி இரண்டு நாளாவது வெளியே கிடந்தால்தான் இளகும். குளியல் தொட்டியில் பச்சைத்தண்ணீரை ஓடவிட்டு அதைப் போட்டார்கள். மத்தியானம்வரை ஜூலியா போய்ப் போய்க் குத்திப் பார்த்தாள். "மாமி, இது இண்டைக்குச் சரிவராது," என்றாள். அழுவாள் போலிருந்தது.

"இளகும் மட்டும் ஆர் காவல் இருக்கிறது? வெட்டுவம்."

"வெட்டுறதா? முழுசா வேண்டாமா?"

"முழுசா வைச்சால் பெருநாள். வெட்டிக் கறியாக்கினால் எட்டுச் செலவு. ரெண்டும் நடக்கட்டும். அந்த நீளக் கத்தியை எடு."

பாதி உறைந்த உடம்பில் எங்கே கத்தி இறங்கும், எங்கே இறங்காது என்று அவளுடைய மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. மூட்டுப் பார்த்து வைத்து, உள்ளங்கையால் கத்தியின் முதுகில் ஒரு குத்து. ஒவ்வொரு குத்துக்கும் குசினி மேசை அதிர்ந்தது. முன்னறையில் கதைத்துக்கொண்டிருந்த சனம் கதையை நிறுத்திவிட்டது. அவள் அந்த எட்டு நாளிலும் வாய்விட்டு அழவில்லை என்று ஆட்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் அவள் அழவில்லை, வெட்டிக்கொண்டிருந்தாள்.

இருட்டி நெடுநேரமாகியிருந்தது. இலையில் ஆட்டிறைச்சி, கணவாய், முட்டை, கூழ், போத்தில் எல்லாம் சின்னராசா சொன்னபடியே இருந்தன. நடுவில் வான்கோழிக் குழம்பு செக்கச் செவேலென்று இருந்தது. அவர் அதை எடு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. விளக்கைக் கொளுத்தி, கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் மாடிப்படியில் வந்து நின்றார்கள்.

மேல்வீட்டு நோர்வேக்கார மனுசி ஏறி வந்தாள். இவ்வளவு பேர் சப்பாத்தில்லாமல் தங்கள் வாசலிலேயே நிற்பதைக் கண்டு, திறப்பு உள்ளே அகப்பட்டுவிட்டதா என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் சத்தியபாமா. "உள்ளுக்கு ஆள் சாப்பிடுறார்."

மனுசி தலையாட்டிவிட்டு மேலே போனாள். மதுரன் சுவரோடு சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஜூலியா அவன் கையைப் பிடித்தாள்.

கதவு திறந்தபின் மேசையைச் சுற்றி இருந்தார்கள். படைத்த இலையிலிருந்து மூத்தவர்தான் முதலில் எடுக்கவேண்டும். சின்னராசாவின் கை ஆட்டிறைச்சிக்குப் போய், பின்வாங்கி, குழம்புக்கு மேல் நின்றது.

"பிள்ளை," என்றார். குரல் இறங்கியிருந்தது. "தம்பி இதிலை எந்தத் துண்டு எடுக்கிறவன்?"

"கழுத்து."

"கழுத்தோ? அதிலை என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை. நெஞ்சு மகனுக்கு, கால் மருமகளுக்கு, ஈரல் எனக்கு. கழுத்தைத் தான் எடுத்துக்கொண்டு, இதுதானப்பா ருசி, உங்களுக்கு விளங்காது எண்டு சொல்லிச் சொல்லி உறிஞ்சுவார்."

சின்னராசா கரண்டியால் மெதுவாகக் கிளறிக் கழுத்தைத் தேடி எடுத்தார். தன் தட்டில் வைக்கப் போனார்.

"அது எனக்கு," என்றாள் சத்தியபாமா.

பெரியவர் எடுத்ததைக் கேட்டு வாங்குகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவர் அவளைப் பார்த்தார். பிறகு கரண்டியை நீட்டி அதை அவள் தட்டில் வைத்துவிட்டு, தனக்கு முதுகில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெருநாளில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்லவேண்டும். ஜூலியாவின் ஊர் வழக்கம் அது. சோதிலிங்கம் ஒருவரையும் தப்பவிடமாட்டார். சத்தியபாமா மட்டும் ஒரு வருசமும் சொன்னதில்லை. வீட்டு ஆட்களுக்குள் என்ன நன்றி, விசர்க்கதை என்று அடுப்படிக்கு ஓடிவிடுவாள். இன்றைக்கு நடத்துவதற்கு ஆளில்லை. ஜூலியா மாமியைப் பார்த்தபடி இருந்தாள்.

"சொல்லன் பிள்ளை. என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"மாமா எனக்குக் குடை பிடிச்சவர்," என்றாள் ஜூலியா தமிழில். "அதுக்கு."

மதுரன், "அப்பாக்கு," என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

சின்னராசா மென்றுகொண்டிருந்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு விழுங்கினார். "உப்புக் கொஞ்சம் குறைவு," என்றார். ஜூலியா உப்பை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தொடவில்லை. "ஆனால் இறைச்சி சப்பெண்டில்லை. நான்தான் அவ்வளவு வருசமும் வெள்ளையனுக்குக் குடுத்துப்போட்டன்."

சத்தியபாமாவின் முறை வந்தது. அவள் வாயில் கழுத்தெலும்பு இருந்தது. குழம்பு மணிக்கட்டுவரை வடிந்தது. பொறுங்கள் என்று மற்றக் கையைத் தூக்கிக் காட்டினாள். பொறுத்தார்கள். அவள் எலும்பை மூட்டு மூட்டாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் சத்தம் வர உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். சின்னராசாகூடச் சாப்பிடாமல் காத்திருந்தார். கடைசித் துண்டையும் வைத்தாகிவிட்டது. அவள் தலை நிமிரவில்லை.

"அம்மா," என்றான் மதுரன்.

"பொறு. இன்னும் முடியேல்லை," என்று சொல்லி, தட்டின் ஓரத்தில் கிடந்த வெறும் எலும்பு ஒன்றை மறுபடி எடுத்து வாயில் வைத்தாள்.